தானாக வந்தவை, இனித் தேவையில்லை

கொட்டாஞ்சேனையில் என் மாமியாரின் வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள் ஆறு கோப்பைகள் இருக்கின்றன. வெள்ளைப் பீங்கான், ரோசாப்பூப் படம், பொன் விளிம்பு, ஒவ்வொன்றுக்கும் அதே பூப்போட்ட தட்டு. மாதா கோயிலிலிருந்து சுவாமி வந்தால் அவை வெளியே வரும். காப்புறுதிக்காரர் வந்தாலும் வரும். வீட்டு ஆட்களுக்குக் கிடையாது. வீட்டு ஆட்கள் குசினிக்குள் போய், ஆணியில் தொங்கும் தங்கள் மக்கை எடுத்துத் தாங்களே ஊற்றிக் குடிக்க வேண்டும். கல்யாணமாகிப் போன முதல் கிழமையே எனக்கும் ஒரு மக் காட்டப்பட்டது. பால்மாப் பெட்டியோடு இலவசமாக வந்தது, மாட்டுப் படம் போட்டது. பதினொரு வருடம் அதில்தான் குடித்தேன்.

விவாகரத்து முடிந்தபின் முதல் தடவை நான் அந்த வீட்டுக்குப் போனபோது எனக்குத் தேத்தண்ணீர் ரோசாப்பூக் கோப்பையில் வந்தது. தட்டும் இருந்தது. தட்டில் இரண்டு பிஸ்கட்டும் இருந்தன. நீதிமன்றத்தில் அழாத எனக்கு அந்தத் தட்டைப் பார்த்ததும் அழுகை வந்தது.

நான் மட்டும் என்ன, ஒழுங்காகவா நடந்தேன்? முன்பெல்லாம் கையை வீசிக்கொண்டு போகிறவள், அன்றைக்குப் பெரிய பிஸ்கட் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன், விருந்தாளி மாதிரி. இன்னொன்றும் செய்தேன். அவரை ‘மாமி’ என்று கூப்பிடவில்லை. கூப்பிடலாமா கூடாதா என்று தெரியாமல், எட்டு மாத இடைவெளிக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் இரண்டு மணித்தியாலம் எந்த முறையும் சொல்லாமல் கதைத்துச் சமாளித்தேன். “இஞ்சை வாங்கோ”, “இதைப் பாருங்கோ” என்று வழியில் போகிறவரிடம் பேசுவதுபோல.

என்னைப் பற்றி இவ்வளவு போதும்: பூர்வீகம் யாழ்ப்பாணம், இருப்பது வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில், பிழைப்பு ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பராமரிப்பது. மாமியார் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். துறைமுக அலுவலகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்றவர். கோயில் பாட்டுக் குழுவை நடத்துகிறவர். அவருடைய மகனுக்கும் எனக்கும் நடந்தது வேறு கதை. அதில் வில்லன் யாரும் இல்லை. அவர் அவுஸ்திரேலியாவுக்குப் போனார், நான் போகவில்லை, அவ்வளவுதான்.

மாமியாரே தொலைபேசியில் கூப்பிட்டுத்தான் அன்று போனேன்.

“புள்ள, இந்த மெஷின் அசையுதே இல்ல. அவன்ட சாமானெல்லாம் உள்ளுக்கே கிடக்கு. வந்து அதெல்லாத்தையும் எடுத்துப் போட்டுத் தாறியா?”

அது ஒரு கிழட்டு மடிக்கணினி. பல வருடங்களுக்கு முன் அவருடைய மகன் அதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, பாட்டுப் பதிவு செய்யும் ஆசையில் ஒரு பெரிய இசைத் தொகுப்பையும் இறக்கி வைத்திருந்தார். ஆசை ஆறு மாதத்தில் ஆறிவிட்டது. தொகுப்போடு வந்த நாற்பது சொச்சம் மென்பொருள்களில் ஒன்றை மட்டும் மாமியார் பிடித்துக்கொண்டார். இசைக்குறிப்பு எழுதுகிற மென்பொருள் அது. ஐந்து கோடு போட்டு, சுரங்களை வைத்தால் வாசித்துக் காட்டும். கோயில் பாட்டுகளுக்கு இரண்டாம் குரல் எழுதுவதற்கென்றே பிறந்ததுபோல அதற்குள் அவர் குடியேறிவிட்டார்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு மென்பொருள் தனியாக வருவது அபூர்வம். சத்தம் போட ஒன்று வேண்டும், எழுத்து வரைய ஒன்று வேண்டும், அந்த ஒன்றுக்கும் இன்னொன்று வேண்டும். கல்யாணத்துக்கு ஒருவருக்குச் சொன்னால் வீட்டோடு வருவதுபோலத்தான். இவற்றையெல்லாம் பொதிகள் என்போம். எந்தப் பொதி எதை நம்பி நிற்கிறது என்று கணக்குத் தெரிந்து, வேண்டியவற்றை இணையத்திலிருந்து தானே அழைத்து வருவது பொதி மேலாளர் என்கிற மென்பொருள். அது ஒவ்வொரு பொதிக்கும் ஒரு குறிப்பு வைத்திருக்கும்: இது மனிதர் கேட்டு வந்தது, அல்லது இது இன்னொன்றுக்காகத் தானாக வந்தது. அழைத்து வந்த பெரியவர் கிளம்பிவிட்டால், அவருக்காக வந்தவர்களையும் அது வாசலுக்குக் கூட்டித் தள்ளப் பார்க்கும்.

நான் இசைத் தொகுப்பை நீக்கினேன். திரையில் ஒரு வரி வந்தது: பின்வரும் பொதிகள் தானாக நிறுவப்பட்டவை, இனித் தேவையில்லை. கீழே பட்டியல் ஓடியது. நீக்கவா, ஆமா இல்லையா?

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான். பக்கத்தில் ரோசாப்பூக் கோப்பை, மனதுக்குள் இதுதான் இந்த வீட்டில் கடைசி வேலை என்ற நினைப்பு. பட்டியலை வாசிக்காமலே ஆமா என்று அழுத்தினேன். அலுவலகத்தில் யாராவது இதைச் செய்திருந்தால் கிழித்துத் தொங்கப்போட்டிருப்பேன்.

மாமியார் பாட்டுக் கொப்பியோடு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“என்ட பாட்டு எழுதுற பெட்டி எங்க புள்ள?”

பெட்டி போய்விட்டது. அது தொகுப்போடு தானாக வந்தது. மேலாளருக்கு அது இனித் தேவையில்லாதது. அவர் அதைத் தினமும் காலையில் ஜெபம் முடித்த கையோடு திறக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. ஒரு பொதியை யார் கேட்டார், யார் நம்பி நிற்கிறார் என்றுதான் அது பார்க்கும். யாராவது அதோடு பழகிவிட்டார்களா என்று பார்க்காது. அந்த வரியைத் திரும்ப வாசித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நானும் இந்த வீட்டுக்கு ஒருவரோடு தானாக வந்தவள்தான்.

எழுதிய பாட்டுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. திறக்கத்தான் ஆளில்லை. கோயில் திருநாளுக்கு ஆறு கிழமை இருந்தது. திருநாள் பாட்டு பாதி எழுதியபடி அதற்குள் கிடந்தது.

“இன்டர்நெட் இருந்தால் பத்து நிமிசத்தில திரும்பப் போட்டிடுவன்” என்றேன். “உங்கட போனில இருந்து எடுக்கலாம்.”

“இந்த மெஷின்ல வைஃபை பழுதாப் போச்சே. கன நாள்” என்றார், மடிக்கணினி உறையின் லேஸை இழுத்துச் சரிசெய்துகொண்டே.

திரையிலும் இணைப்பு இல்லை என்றே காட்டியது. சரி, வெள்ளவத்தையில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து கையால் போடுகிறேன், அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்றேன். சொன்னபோது மனசு இலேசானது. அது ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கொழும்புக் கோட்டைக்கு ரயிலும் அங்கிருந்து பஸ்ஸும் பிடித்துப் போனேன். கையில் பிஸ்கட் பெட்டி இல்லை. வெள்ளவத்தைக் கடையில் வாங்கிய உளுந்து வடையைப் பேப்பரில் சுற்றி எடுத்துப்போனேன், அது அவருக்குப் பிடிக்கும். ஆனாலும் ரோசாப்பூக் கோப்பைதான் வந்தது.

கையால் நிறுவுவது வேறு விதமான வேலை. அங்கே அழைத்து வர யாரும் இல்லை. பொதியைக் கொடுத்தால் அது பிரித்துப் பார்க்கும், தனக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்லும், அவை இல்லையென்றால் அப்படியே நின்றுவிடும். விரிக்கப்பட்டது, அமைக்கப்படவில்லை என்று திரையில் வரும். உள்ளே வந்தாயிற்று, ஆனால் இருக்க இடமில்லை.

“ஏன் புள்ள இது இப்பிடி நிக்குது?”

“இதுக்கு வேற ஆக்களும் வேணுமாம்.”

“எத்தனை பேர்?”

“ஏழு பேர்.”

“அப்ப அவங்களையும் கூட்டிட்டு வாவேன். இதுக்கென்ன?”

ஏழின் பெயர்களையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இணையத்தோடு சேராத இயந்திரங்கள் நிறைய உண்டு. அவற்றுக்குப் பொதி கொண்டுபோவதுதான் என் அன்றாட வேலை. எது எதை நம்பி நிற்கிறது என்று அடிவரைக்கும் பட்டியல் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவேன். பன்னிரண்டு வருடமாக அதைச் செய்கிறவள் கொட்டாஞ்சேனைக்கு மட்டும் ஒன்றைக் கொண்டுபோய், ஏழு குறைகிறது என்று தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தேன். பட்டியல் எடுக்க மறந்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய்.

மூன்றாம் சனிக்கிழமை ஏழு பொதிகளையும் கொண்டுபோனேன். ஐந்து அமைந்தன. இரண்டு மிகப் புதியவை. கணினியின் அடிப்படை நூலகம் தங்களுக்குப் போதாத அளவுக்குப் பழையது என்று அவை முகத்தைத் திருப்பிக்கொண்டன. அடிப்படையை மாற்றினால் வீடே இடியும். பழைய பதிப்புகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். கட்டாயப்படுத்தி நிறுவவும் ஒரு வழி உண்டு. குறைகளைக் கண்டுகொள்ளாதே, போடு என்று கட்டளையிடலாம். இன்றைக்கு ஓடும், என்றைக்காவது ஒருநாள் நட்டநடுவில் விழும். அப்படி ஓட்டிய ஒன்று எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்தின் கடைசி இரண்டு வருடமும் அப்படித்தான் ஓடியது. அதனால் கட்டாயப்படுத்தவில்லை.

அன்று மத்தியானம் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார். மீன் குழம்பு, கத்தரிக்காய், பருப்பு. கல்யாணமான புதிதில் வெள்ளிக்கிழமை எனக்கு மச்சம் இல்லை, சைவம்தான் என்று சொன்னபோது, “அதனாலென்ன, எங்களுக்கும் வெள்ளிக்கிழமை இறைச்சி இல்ல” என்று சந்தோசப்பட்டு, மீன் பொரித்து வைத்த மனுஷி இவர். மீனை அவர் மச்சத்தில் சேர்ப்பதில்லை. அதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சொல்லிச் சிரிக்கும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. சோற்றைப் போடும்போது, “அவன் அவுஸ்திரேலியாவில இருந்து கோல் எடுத்தான்” என்றார். நான் ஓம் என்றேன். அதற்குமேல் இருவரும் மீன் முள்ளை மிகக் கவனமாக எடுத்தோம்.

நாலாம் சனிக்கிழமை பழைய பதிப்புகளோடு போனேன். போன தடவை முகம் திருப்பிய இரண்டும் இந்த முறை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. முதலாவதை அமைக்கப் போனால், இரண்டாவது இருந்தால்தான் நான் வருவேன் என்றது. இரண்டாவதைத் தொட்டால், முதலாவது வரட்டும், பிறகு பார்ப்போம் என்றது. பொதி உலகத்தில் இது புதுமையில்லை. வட்டமாக ஒன்றையொன்று நம்பி நிற்கிறவை.

பக்கத்தில் வழமைபோல ரோசாப்பூக் கோப்பை. எனக்கு அது அப்போதுதான் விளங்கியது. நான் மாமி என்று கூப்பிட்டால் அவர் மக்கைத் தருவார். அவர் மக்கைத் தந்தால் நான் மாமி என்று கூப்பிடுவேன். நாலு கிழமையாக இருவரும் வாசலில் நின்று, நீங்கள் முதலில், நீங்கள் முதலில் என்று மரியாதை பண்ணிக்கொண்டிருந்தோம்.

அந்த இரண்டு பொதிகளுக்கும் தீர்வு மிகச் சுலபம். இரண்டையும் ஒரே கட்டளையில், ஒரே வரியில் கொடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றாக அமைந்துவிடும். அதை அன்றைக்கே செய்திருக்கலாம். “இது கொஞ்சம் சிக்கலா இருக்கு, வீட்டை போய்ப் பாத்திட்டு அடுத்த கிழமை வாறன்” என்றேன்.

அவரும் அவசரப்படவில்லை. திருநாளுக்கு மூன்று கிழமைதான் இருந்தது. பாட்டுக் குழுப் பெண்கள் இரண்டு பேர் பயிற்சிக்கு அவரைக் கூட்டிப்போக வந்தார்கள். அவர்கள் கையில் திருநாள் பாட்டு இருந்தது. கையால் எழுதி, போட்டோகொப்பி எடுத்தது. இரண்டாம் குரல் கடைசி வரி வரைக்கும் முழுசாக இருந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்தார். “சும்மா, ஒரு அவசரத்துக்கு” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

ஐந்தாம் சனிக்கிழமைக்குச் சாக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டு பெயரையும் ஒரே வரியில் தட்டினேன். அமைக்கிறது, அமைக்கிறது, முடிந்தது. பெட்டி திறந்தது. பாதி எழுதிய பாட்டு, தகர டப்பாவில் தட்டுவதுபோன்ற பியானோச் சத்தத்தில் வாசிக்கத் தொடங்க, மாமியார் கதிரையின் பின்னால் நின்று இரண்டாம் குரலை முணுமுணுத்தார். அவருடைய குரல் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை நான் மறந்திருந்தேன்.

“இனி இது போயிடாதே?” என்று கேட்டார்.

“போகாது. இந்த முறை எல்லாம் கையால போட்டது. தானா வந்ததைத்தான் அது கூட்டித் தள்ளும். கையால கொண்டுவந்து வைச்சதை நாங்களாச் சொன்னால் ஒழிய எடுக்காது.”

“அப்ப சரி” என்றார்.

வேலை முடிந்தது. இனி வர ஒரு காரணமும் இல்லை. பென் டிரைவைக் கழற்றிக்கொண்டு, மேசையைத் துடைத்துவிட்டுப் போவோம் என்று மடிக்கணினியைத் தூக்கினேன். அதற்கு மாமியார் பின்னலில் ஓர் உறை செய்து போட்டிருந்தார். முன் விளிம்பில் லேஸ் தொங்கும். லேஸ் விலக, விளிம்பில் தோல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர். பிடுங்கினேன். கீழே ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச், பக்கத்தில் வைஃபை அடையாளம். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

தள்ளினேன். நீல விளக்கு எரிந்தது. மேசையில் கிடந்த அவருடைய போன், கீழ் வீட்டு இணைப்பு, எதிர் வீட்டு இணைப்பு என்று திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன.

“மாமி!” என்று கத்தினேன். “இது என்ன மாமி? இது பழுதெண்டு சொன்னனீங்கள்! அஞ்சு சனிக்கிழமை! கோட்டையில பஸ்ஸுக்கு வெயில்ல நிண்டு, தொங்கித் தொங்கி வந்தனான்!”

அவர் கொஞ்சமும் அசையவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

“பத்து நிமிசத்தில முடிஞ்சிடும் எண்டு நீதானே சொன்ன” என்றார். “முடிஞ்சா நீ போயிடுவாய் எண்டு எனக்குத் தெரியாதா? பிறகு என்னத்தச் சொல்லி உன்னக் கூப்பிடுற?”

இத்தனை வருடம் இதில் பிழைக்கிறவள் ஒரு விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பேன். நான் தடவிப் பார்க்கவில்லை. கள்ளனுக்குக் கள்ளன் சாட்சி.

“கத்தாத” என்றார் மாமி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. “போய் தேத்தண்ணி ஊத்திக் குடி. எனக்கும் ஒண்டு கொண்டு வா. சீனி போடாத, மறந்திருப்பாய்.”

குசினிக்குள் போனேன். மறக்கவில்லை. கேத்தல் அதே இடத்தில், தேயிலை அதே போத்தலில். ஆணிகளில் மூன்று மக்குகள் தொங்கின, மூன்றாவது மாட்டுப் படம் போட்டது. எட்டு மாதமும் நாலு கிழமையும் யாரும் குடிக்காத மக். விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன், தூசு இல்லை. நான் வராத நாட்களிலும் அவர் அதைக் கழுவித்தான் மாட்டியிருக்கிறார். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் கொஞ்ச நேரம் அழுதேன்.

வெளியே வந்தபோது அவர் பாட்டின் அடுத்த வரியில் சுரம் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, சத்தம் வர உறிஞ்சிக் குடித்தேன். பிறகு லேஸைத் தூக்கி, சுவிட்சைத் திரும்ப அணைத்து, பிளாஸ்டரை அதன் மேல் ஒட்டி, கட்டை விரலால் நன்றாக அழுத்திவிட்டேன். மாமி கடைக்கண்ணால் பார்த்தார்.

“எழுத்துருப் பொதி ஒண்டு குறையுது மாமி” என்றேன். “சனிக்கிழமை கொண்டு வாறன்.”